ஷாகுவுக்கு இருபுறமும் நிற்கும் அடிகள்

"ஒரு ஷாகு எத்தனை ஸ்காண்டிநேவிய அடி?" ஜப்பானின் பழைய நீள அளவான ஷாகுவைப் பற்றிய இந்தக் கேள்விக்கு எட்டு தசம இடங்களோடு விடை சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய உண்டு. விடையை எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். ஆனால் அந்த எண் தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்திக்கொண்டே இருக்கும். ஸ்காண்டிநேவிய அடி என்று ஓர் அளவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஸ்வீடனின் பழைய அடி 296.9 மில்லிமீட்டர். டென்மார்க்கின் அடி 313.85 மில்லிமீட்டர். நார்வேயின் அடி 313.74 மில்லிமீட்டர். ஜப்பானின் ஷாகுவோ 303.03 மில்லிமீட்டர், அதாவது ஸ்வீடன் அடிக்கும் டென்மார்க் அடிக்கும் நடுவில் நிற்கிறது. ஸ்டாக்ஹோமில் ஷாகு உள்ளூர் அடியைவிட 2 சதவீதம் பெரியது, கோபன்ஹேகனில் 3.5 சதவீதம் சிறியது. ஒரே நீளத்தை ஓர் ஊருக்காக மாற்றும்போது எண் கூட வேண்டும், இன்னோர் ஊருக்காக மாற்றும்போது குறைய வேண்டும். இரண்டையும் "ஸ்காண்டிநேவிய" என்ற ஒரே பெயரில் அடக்கினால், கூட்டலா கழித்தலா என்பதே தெரியாமல் போகிறது. எட்டாவது தசம இடத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நாம் இல்லவே இல்லை.

இந்த வேலையில் என்னைக் கவலைப்பட வைப்பது எண்களின் நெருக்கம். ஒரு முழத்தையும் ஒரு காதத்தையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். மூன்று சதவீத வித்தியாசத்தில் அருகருகே நிற்கும் அளவுகள்தான் ஆளைக் கவிழ்க்கும். தப்பான அடியை எடுத்தாலும் விடை நம்பும்படியாகவே வரும். கதவு கதவின் உயரத்தில் இருக்கும், அறை அறையின் அகலத்தில் இருக்கும். மரத்தை அறுத்து நிறுத்திப் பார்க்கும்போதுதான் இடைவெளி தெரியும்.

ஜப்பானியப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய வசதி

முதலில் சுலபமான பக்கம். 1885இல் ஜப்பான் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1891இல் வந்த அளவைச் சட்டம் ஷாகுவை மீட்டரின் 10/33 பங்கு என்று வரையறுத்தது. அதற்கு முன் கியோஹோ ஷாகு, மதாஷிரோ ஷாகு என்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில் முன்பின்னாக இருந்த பல கோல்கள் புழங்கின. ஜப்பான் முழுவதையும் நடந்து அளந்த இனோ தாதாதாகாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் "நடுவெடுத்த ஷாகு"வின் நீளத்துக்கு மிக அருகில் 10/33 என்ற பின்னம் அமைந்தது. அந்தப் பின்னத்தைத் தேர்ந்தவர்கள் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். மீட்டரை 3.3ஆல் பெருக்கினால் ஷாகு, 33ஆல் பெருக்கினால் அதில் பத்தில் ஒன்றான சுன், 330ஆல் பெருக்கினால் நூறில் ஒன்றான பு. தோராயம் எதுவும் இதில் இல்லை, சட்டப்படி இதுவே முழு உண்மை. 0.30303 என்று எழுதிப் பெருக்குகிறவர்கள் முதல் வரியிலேயே தேவையில்லாத ஒரு பிழையைக் கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். 3.3ஆல் வகுங்கள், போதும்.

மேலே போகும் அலகுகளும் பின்னத்தில் சுத்தமாக நிற்கும். 10 பு ஒரு சுன், 10 சுன் ஒரு ஷாகு, 10 ஷாகு ஒரு ஜோ. 6 ஷாகு ஒரு கென், அதாவது 20/11 மீட்டர். 60 கென் ஒரு சோ, 36 சோ ஒரு ரி. ஆக ஒரு ரி 12,960 ஷாகு, 3,927.27 மீட்டர். பழைய அளவுகளை வணிகத்தில் பயன்படுத்தத் தடை வந்த பிறகும் தச்சர்களுக்கும் தையல்காரர்களுக்கும் இவை தேவைப்பட்டன. 1970களில் பாடலாசிரியர் எய் ரொகுசுகே நடத்திய பிரசாரத்துக்குப் பிறகு ஷாகுவுக்கு இணையான கோடுகள் போட்ட கோல்களை விற்க வழி பிறந்தது. அவற்றில் "ஷாகு" என்று அச்சிட்டிருக்காது, "1/33 மீ" என்று இருக்கும். அந்தக் கோலில் ஒரு பெரிய கோடு ஒரு சுன்.

வடக்கே மூன்று அடிகள், மூன்று பிறப்பு

ஸ்வீடனில் 1665ஆம் ஆண்டின் அளவை ஆணை கியோர்க் ஷர்ன்ஹெல்ம் என்பவரின் உழைப்பில் உருவானது. ஸ்மோலண்ட் பகுதியின் ரீதாஹோல்ம் ஊர்ப் பெயரால் வழங்கிய முழத்தை அதற்கு முன்பே, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒன்பதாம் கார்ல் அரசர் நாடு முழுவதற்குமான முழமாக்கியிருந்தார். அந்த முழத்துக்கு ஸ்வீடிஷில் ஆல்ன் என்று பெயர், நீளம் 59.38 சென்டிமீட்டர். அதில் பாதி ஓர் அடி, மூன்று ஆல்ன் ஒரு ஃபாம்ன். ஃபாம்ன் என்பதை நம் கடற்கரையில் "பாகம்" என்பார்கள்: இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி. டென்மார்க்கில் 1683இல் ஓலே ரோமர், ஒளியின் வேகத்துக்கு முதலில் சான்று காட்டிய அதே வானியலாளர், அளவுகளை ரைன்லாந்து அடியை ஒட்டிச் சீர்திருத்தினார். 1835இல் டென்மார்க் அடி பிரஷ்ய அடிக்குச் சமமாக்கப்பட்டது. நாம் சொல்லும் 313.85 அங்கிருந்து வருவது. நார்வே 1814இல் டென்மார்க்கை விட்டுப் பிரிந்தது. 1824இல் அது தன் அடியை ஊசலிலிருந்து எடுத்தது: 45 பாகை அட்சத்தில் நொடிக்கு ஒருமுறை அசையும் ஊசலின் நீளத்தில் 12/38 பங்கு. டென்மார்க் அடிக்கும் நார்வே அடிக்கும் இடையே அடிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வீட்டு வேலைக்கு அது ஒன்றுமில்லை. 36,000 அடி நீளத்தில் அது 4 மீட்டர்.

இவற்றை ஷாகுவாக்க, மீட்டரில் உள்ள மதிப்பை 3.3ஆல் பெருக்கினால் ஆயிற்று. ஸ்வீடன் அடி 0.9798 ஷாகு, டென்மார்க் அடி 1.0357 ஷாகு, நார்வே அடி 1.0353 ஷாகு. ஸ்வீடன் ஆல்ன் 1.9595 ஷாகு, டென்மார்க் ஆலென் 2.0714 ஷாகு. நான்கு தசம இடங்களுக்கு மேல் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஷாகுவின் வரையறை துல்லியமான பின்னமாக இருக்கலாம், மறுமுனையில் இருப்பதோ இரும்புக் கோல். அந்தக் கோலைப் பார்த்துச் செய்த நகலின் நகல்தான் தச்சர் கையில் இருந்தது.

பத்தா பன்னிரண்டா

அடியைச் சரியாகத் தேர்ந்த பிறகும் விழ ஒரு குழி இருக்கிறது. ஸ்வீடன் 1855இல் தன் அடியைப் பத்தாகப் பிரித்தது. அடி அதே 296.9 மில்லிமீட்டர், உள்ளே மட்டும் 10 அங்குலம், ஒவ்வோர் அங்குலத்திலும் 10 கோடு. மேலே 10 அடி ஒரு ஸ்டோங், 100 அடி ஒரு ரெஃப். தச்சர்கள் பழைய பன்னிரண்டில் ஒரு பங்கு அங்குலத்தையும் விடவில்லை. ஆகவே 1850களுக்குப் பின் வந்த ஸ்வீடன் வரைபடத்தில் அங்குலம் என்று கண்டால் அது 29.69 மில்லிமீட்டரா 24.74 மில்லிமீட்டரா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். வரைபடத்திலேயே விடை இருக்கும். எங்காவது 10 அல்லது 11 அங்குலம் என்று குறித்திருந்தால் அது பன்னிரண்டு. முழுத் தாளிலும் 9க்கு மேல் போகவே இல்லையென்றால் பத்து என்று சந்தேகிக்கலாம்.

பத்துப் பிரிவு ஜப்பானோடு அப்படியே பொருந்துவது எனக்குப் பிடித்த விஷயம். ஜோ, ஷாகு, சுன், பு ஒரு பக்கம். ஸ்டோங், அடி, அங்குலம், கோடு மறுபக்கம். நான்கு படிகளும் பத்துப் பத்தாக ஏறுவதால் 1.02064 என்ற ஒரே பெருக்கி எல்லாவற்றுக்கும் போதும். 3 ஜோ 2 ஷாகு 4 சுன் 5 பு என்பது 32.45 ஷாகு. பெருக்கினால் 33.12 அடி. அதைப் பிரிக்கக்கூட வேண்டாம், இலக்கங்களை இடமிருந்து வாசித்தால் 3 ஸ்டோங் 3 அடி 1 அங்குலம் 2 கோடு.

டென்மார்க்கில் இப்படி வாசிக்க முடியாது. 1 ஜோ 2 ஷாகு 5 சுன், அதாவது 12.5 ஷாகுவை எடுத்துக்கொள்வோம். 3.3ஆல் வகுத்தால் 3.78788 மீட்டர். 0.313853ஆல் வகுத்தால் 12.069 அடி. இங்கேதான் கை தடுமாறும். தசமப் பழக்கத்தில் இதை 12 அடி 0.69 அங்குலம் என்று எழுதிவிடுவார்கள். 0.069 என்பது அடியின் பின்னம். அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். 0.828 அங்குலம். அங்குலத்துக்கு மறுபடி 12 கோடு, ஆகவே ஏறக்குறைய 10 கோடு. விடை 6 ஆலென் 10 கோடு, ஆலென் என்பது இரண்டு அடி. தப்பாக எழுதியவருக்கும் சரியாக எழுதியவருக்கும் நடுவே மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். கதவு நிலைக்கு அது போதும், பிடித்துக்கொள்ள.

திரும்பிப் போய்ச் சரிபார்ப்பதும் அதே வழிதான். கோட்டை 12ஆல் வகுத்து அங்குலத்தோடு கூட்டுங்கள், மறுபடி 12ஆல் வகுத்து அடியோடு கூட்டுங்கள், 0.313853ஆல் பெருக்கி 3.3ஆல் பெருக்குங்கள். புறப்பட்ட ஷாகுவின் கடைசிப் பிரிவுக்குள் வந்து சேர வேண்டும். மூலத்தில் சுன் வரைதான் இருக்கிறதென்றால் சுன் வரை ஒத்துவந்தால் போதும்.

துணி வேறு கணக்கு

பொருள் என்ன என்று கேட்காமல் ஷாகுவை மாற்றவே கூடாது. தச்சரின் ஷாகு வேறு, துணியின் ஷாகு வேறு. துணிக்கு உரியது குஜிராஜாகு, திமிங்கில ஷாகு. திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளையும் தகட்டில் கோல் செய்ததால் வந்த பெயர். அதன் நீளம் தச்சர் ஷாகுவைப் போல ஒன்றேகால் மடங்கு: 25/66 மீட்டர், 37.88 சென்டிமீட்டர். இன்றைய கோல்களில் இதன் சுன்னுக்கான அடையாளம் "1/26.4 மீ". மெய்ஜி காலத்துக்கு (1868–1912) முந்தைய ஆவணங்களில் ஒன்றேகாலுக்குப் பதிலாக 1.2 மடங்கு நீளமுள்ள இன்னொரு துணி ஷாகுவும் வரும்.

கிமோனோ ஒன்றுக்கான துணிச் சுருளுக்கு ஜப்பானியப் பெயர் "தான்". குஜிராஜாகுவில் அது ஏறக்குறைய 3 ஜோ நீளம், 9 சுன் 5 பு அகலம். மீட்டரில் 11.36 நீளம், 36 சென்டிமீட்டர் அகலம். ஸ்வீடன் முழத்தில் 19.14 ஆல்ன், டென்மார்க் முழத்தில் 18.10 ஆலென். இதே 3 ஜோவைத் தச்சர் ஷாகுவாக எடுத்தால் 9.09 மீட்டர், 15.31 ஆல்ன். கிட்டத்தட்ட நான்கு ஆல்ன் துணி காகிதத்திலேயே காணாமல் போகிறது. தான் என்பது ஓர் ஆளுக்கு மிச்சமில்லாமல் வெட்டும் அளவு. நாலு முழம் குறைந்தால் கைப்பகுதி இல்லை. நல்ல வேளையாக அகலம் காட்டிக்கொடுத்துவிடும். மரபான நெசவுத் துணியின் அகலம் 36 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் கணக்கில் 29 வந்தால் தப்பான ஷாகுவில் நிற்கிறீர்கள்.

முப்பத்து மூன்று கென்

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் கணக்குப் பிழைகள். கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் விடை பாதியாகும் ஓர் இடம் உண்டு. ஒருமுறை அதில் நின்று யோசித்தவர்கள் பிறகு எந்த மாற்றத்தையும் பழைய மாதிரி செய்ய மாட்டார்கள்.

கியோத்தோவில் ரெங்கேயோஇன் என்ற பௌத்த ஆலயம். எல்லோரும் அழைக்கும் பெயர் சான்ஜுசான்கென்தோ. பெயருக்குப் பொருள் முப்பத்து மூன்று கென் மண்டபம். ஆயிரம் கன்னோன் சிலைகள் வரிசையாக நிற்கும் அந்த மரக்கட்டடம் 1266இல் மறுபடி எழுப்பப்பட்டது. கணக்குப் போடுவோம். 33 கென், ஒரு கென்னுக்கு 6 ஷாகு, 198 ஷாகு. 3.3ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 60 மீட்டர். ஸ்வீடன் முழத்தில் 101 ஆல்ன். எவ்வளவு அழகாக வருகிறது! மீதியில்லாத வகுத்தல், சுற்று எண், நம்பத்தகுந்த நீளம். கட்டடத்தின் உண்மையான நீளம் ஏறக்குறைய 120 மீட்டர், 202 ஆல்ன்.

ஷாகு தப்பில்லை, ஆல்ன் தப்பில்லை, பெருக்கலும் தப்பில்லை. கென் என்ற சொல் அங்கே நீளத்தைக் குறிக்கவே இல்லை. ஆலயக் கட்டடக்கலையில் கென் என்பது தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நம் ஊர் மண்டபங்களை "கால்" கொண்டு எண்ணுவதைப் போல ஓர் எண்ணிக்கை. உள்மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே 33 இடைவெளிகள். சுற்றியுள்ள தாழ்வாரத்தையும் சேர்த்து வெளியே எண்ணினால் 35. கட்டடத்தின் முறையான விவரிப்பில் நீளம் 35 கென் என்றே இருக்கும். ஒவ்வோர் இடைவெளியும் 6 ஷாகுவைவிட மிகப் பெரியது. எண்ணிக்கையை எந்த அடியாகவும் மாற்ற முடியாது. ஆயிரங்கால் மண்டபம் எத்தனை மீட்டர் என்று கேட்பதற்குச் சமம் அது.

இந்த ஓர் உதாரணத்துக்குப் பிறகு கென் என்ற சொல்லைக் கண்டதும் மூன்று சந்தேகங்கள் வர வேண்டும். எண்ணிக்கையா நீளமா என்பது முதலாவது. நீளம் என்றால் எந்த ஊர்க் கென்? 6 ஷாகு என்பது பிற்காலத்தில் நிலைத்த மதிப்பு. கியோத்தோ மரபில் 6 ஷாகு 5 சுன் கென் உண்டு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியாளர் ஹிதேயோஷி நடத்திய நில அளவையில் 6 ஷாகு 3 சுன். மூன்றாவது, தூணின் நடுவிலிருந்து நடுவுக்கா, அல்லது தரையில் விரிக்கும் தத்தாமிப் பாயிலிருந்து எடுத்த உள்ளளவா? கியோத்தோப் பாய் 6.3 ஷாகுவுக்கு 3.15, எதோ (தோக்கியோவின் பழைய பெயர்) பாய் 5.8க்கு 2.9. எட்டுப் பாய் அறை கியோத்தோவில் பக்கத்துக்கு 382 சென்டிமீட்டர், தோக்கியோவில் 352. ஸ்வீடன் முழத்தில் 6.43 ஆல்ன், 5.92 ஆல்ன். "எட்டுப் பாய்" என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு ஷாகு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. மூன்று அடிகளுக்கு நடுவே நாம் இவ்வளவு நேரம் பார்த்த வித்தியாசமெல்லாம் இதன் முன்னால் சின்னது.

ரியும் மீலும்

தொலைவுக்கு வந்தால் வடக்கே இன்றும் உயிரோடு இருக்கும் சொல் மீல். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இன்று ஒரு மீல் என்றால் 10 கிலோமீட்டர். 1878ஆம் ஆண்டின் சட்டப்படி 1889 முதல் ஸ்வீடன் மெட்ரிக்குக்கு மாறியபோது பழைய சொல்லுக்குப் புதிய நீளம் கொடுத்தார்கள். அதற்கு முன் 1649 முதல் ஸ்வீடன் மீல் 18,000 ஆல்ன், 10,688 மீட்டர். நார்வே மீல் 36,000 அடி, 11,295 மீட்டர். டென்மார்க் மீல் 12,000 ஆலென், 7,532 மீட்டர். ஸ்வீடன் பழைய மீலை ரியாக மாற்றினால் 2.7216 ரி, பிரித்தால் 2 ரி 26 சோவுக்கு இரண்டரை மீட்டர்தான் குறைவு. மனத்தில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல எண் கிடைக்காது. டென்மார்க் மீல் 1.918 ரி, நார்வே மீல் 2.876 ரி.

1868இல் ஜப்பானோடு ஒப்பந்தம் செய்தபோது ஸ்வீடனும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. மீல் மட்டும் இரண்டு. அந்தக் காலத்தில் திறந்த துறைமுகங்களிலிருந்து வெளிநாட்டவர் பொதுவாக 10 ரி தொலைவுக்குள் நடமாடலாம் என்பது விதி. அந்த 10 ரியை ஸ்டாக்ஹோமுக்கு எழுதினால் 3.67 மீல், நார்வேக்கு எழுதினால் 3.48 மீல், முந்தைய ஆண்டே ஒப்பந்தம் போட்ட டென்மார்க்குக்கு எழுதினால் 5.21 மீல். இன்றைய கணிப்பான் சொல்வது 3.93. அமெரிக்கா 1858இல் செய்த ஒப்பந்தம் இந்தத் தகராறே வரக்கூடாது என்று ஒரு ரி 4,275 கெஜம் என்று எழுதியே வைத்தது. அது 3,909 மீட்டர். பின்னாளில் நிலைத்த ரியைவிட 18 மீட்டர் குறைவு. அளவு வரும் இடத்திலேயே அதன் நீளத்தையும் எழுதிய அந்த ஒப்பந்தத்தின் முறையை நான் மதிக்கிறேன்.

பழைய பயண நூல்களில் இன்னும் கவனம் வேண்டும். 36 சோ கொண்ட ரியை நாடு முழுவதற்கும் ஆக்கியது 1869இல்தான். அதற்கு முன் ஈசே பாதையில் 48 சோவுக்கு ஒரு ரி, வடகிழக்கில் 6 சோவுக்கு ஒரு சிறு ரி. 1776இல் நாகசாகியிலிருந்து எதோவுக்குப் போன ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெரி டச்சுக் கம்பெனியின் மருத்துவராகப் போனவர். அத்தகைய ஒருவர் மைல் என்று எழுதினால் அது ஸ்வீடன் மீலா, டச்சு மைலா, ஜப்பானியர் சொன்ன ரியா என்று பார்க்காமல் தொடவே கூடாது. தெரிந்த ஒரு பாதையை வைத்துச் சோதிக்கலாம். தோக்காய்தோ நெடுஞ்சாலை எதோவின் நிஹோன்பாஷி பாலத்திலிருந்து கியோத்தோ வரை 126 ரி சொச்சம், ஏறக்குறைய 495 கிலோமீட்டர். பழைய ஸ்வீடன் மீலில் 46.3, டென்மார்க் மீலில் 65.7. நூலில் உள்ள எண் எதன் அருகில் வருகிறதோ அதுதான் அவர் கணக்கு. மியாவுக்கும் குவானாவுக்கும் நடுவே 7 ரி கடல் வழி, ஆகவே சாலையை மட்டும் கூட்டினால் குறையும்.

கடலிலும் இதே நெருக்கம்தான். ஜப்பானின் பாகமான ஹிரோ, 6 ஷாகு என்று கொண்டால், 1.818 மீட்டர். ஸ்வீடன் பாகம் 1.781, டென்மார்க் பாகம் 1.883, ஆங்கிலப் பாகம் 1.829. 1871இல் நாகசாகியை ஷாங்காயோடும் விளாதிவோஸ்தோக்கோடும் கடலடித் தந்திக் கம்பியால் இணைத்தது ஒரு டேனிஷ் நிறுவனம். அந்தக் காலத்து ஆழ அளவு ஒன்றில் 50 பாகம் என்று கண்டால் அது 89 மீட்டரிலிருந்து 94 மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்து எந்தப் பாகம் என்று சொல்ல முடியாது, வரைபடத்தின் தலைப்பைத்தான் படிக்க வேண்டும்.

மரக்கடையில்

இது பழங்கதை மட்டும் இல்லை. ஸ்வீடனும் பின்லாந்தும் இன்றும் ஜப்பானிய மரவீடுகளுக்கு ஒட்டுமரத் தூண்களும் அவற்றுக்கான பலகைகளும் அனுப்புகின்றன. தூணின் குறுக்களவு 105 மில்லிமீட்டர் அல்லது 120. இவை 3 சுன் 5 பு, 4 சுன் என்ற பழைய அளவுகளைச் சுற்றியெடுத்தவை, கணக்குப்படி 106.06, 121.21. பலகை 3 ஷாகுவுக்கு 6 ஷாகு, விற்பது 910க்கு 1820. 3 ஷாகு கொண்ட ஒரு தொகுதிக்கு 0.9 மில்லிமீட்டர் கூடுதல். 10 கென் நீள வீட்டில் 20 தொகுதி, அதாவது 18 மில்லிமீட்டர். ஷாகுக் கோலால் கட்டிய பழைய வீட்டை 910 கணக்கில் நீட்டும்போது கடைசித் தூண் பழைய உத்தரத்துக்கு நேரே வராததற்குக் காரணம் இதுவே. பழைய பகுதியை 909.09 என்றும் புதிய பகுதியை 910 என்றும் தனித்தனியாகக் குறித்து, சேரும் இடத்தில் ஒருமுறை மட்டும் சரிக்கட்டுவதுதான் வழி.

நார்வேயில் மரக்கடைக்காரர் "இரண்டங்குலம் நாலங்குலம்" என்று இன்றும் சொல்லும் கட்டை, இழைத்தபின் 48க்கு 98 மில்லிமீட்டர். ஜப்பானிய அளவில் 1 சுன் 5 பு 8 ரின், 3 சுன் 2 பு 3 ரின் (10 ரின் ஒரு பு). இந்த நாலங்குலத்தை யாராவது வரலாற்று அட்டவணையைப் பார்த்துப் பழைய நார்வே அங்குலமாக மாற்றினால், 26.145 மில்லிமீட்டர் பெருக்கல் நான்கு, 104.6 மில்லிமீட்டர். ஜப்பானியத் தூணின் 105 அப்படியே கண்முன் நிற்கும்! எல்லாம் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்து ஆர்டர் போட்டால் வந்திறங்குவது 98 மில்லிமீட்டர் கட்டை. இதனால்தான் நெருங்கி வரும் விடையைக் கண்டால் எனக்கு நம்பிக்கை கூடுவதற்குப் பதில் குறைகிறது.

கோலைக் கையில் எடுத்து அளப்பவர்களுக்கு ஒன்று. ஜப்பானியத் தச்சரின் மூலைமட்டமான சாஷிகானேயின் முதுகுப் பக்கத்தில் வேறு கோடுகள் இருக்கும். ஒரு வரிசை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. அதில் ஒரு சுன் 42.85 மில்லிமீட்டர். உருட்டுக்கட்டையின் விட்டத்தை அதால் அளந்தால் உள்ளே அறுக்கக்கூடிய பெரிய சதுரத்தின் பக்கம் நேரடியாகக் கிடைக்கும். இன்னொன்று வட்டக் கணக்கின் பை (π) எண்ணால் வகுத்தது. விட்டத்தில் வைத்தால் சுற்றளவு தெரியும். மட்டத்தைத் திருப்பிப் பிடித்து எடுத்த எண்ணை எந்த அடியாக மாற்றினாலும் பயனில்லை. அளக்கும் முன் கோலின் முதல் 10 சுன்னை மில்லிமீட்டர் டேப்பில் வைத்துப் பாருங்கள். 303 வந்தால் மேலே போகலாம். 379 என்றால் துணிக்கோல், 429 என்றால் முதுகுப் பக்கம்.

மாற்றிய எண்ணை எழுதும்போது மூலத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதுவது வழக்கமாக வேண்டும்: "12.5 ஷாகு, தச்சர், 1891 வரையறை. 6 ஆலென் 10 கோடு, டென்மார்க், 1835." இப்படி ஒரு வரி போதும். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர்கள் இருந்தார்கள். அந்த இரண்டேகால் நூற்றாண்டுக்குள் ரோமரின் 1683 சீர்திருத்தமும் வருகிறது, 1835ஆம் ஆண்டின் பிரஷ்ய அடியும் வருகிறது. அங்கிருந்து கிடைக்கும் ஒரு கட்டட வரைபடத்தில் ஆலென் என்று கண்டால், தாளின் ஆண்டைப் பார்த்த பிறகே 62.77 சென்டிமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். ஆண்டு இல்லையென்றால், இன்னும் நிற்கும் ஒரு சுவரை டேப்பால் அளந்து, வரைபடத்திலுள்ள எண்ணால் வகுத்தால் அந்தத் தாளின் ஆலென் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.